நீ கேட்கவில்லையே

எங்கள் வீட்டில் ‘பக்குவம்’ என்ற சொல் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது காதில் விழும். காஞ்சிபுரத்தை ஒட்டிய முசரவாக்கத்தில் நெசவாளர் வீடு. தெருவில் பாவு நீட்டும் நாளில் கஞ்சி பக்குவமாக இருக்கிறதா என்று அப்பா விரலால் தொட்டுப் பார்ப்பார். பாட்டி உலையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்குவாள். ஊறுகாய்க்கு ஒரு பக்குவம், சாயத்துக்கு ஒரு பக்குவம். வெளியூரிலிருந்து வரும் அத்தைகள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அம்மாவிடம் தாழ்ந்த குரலில், “பாப்பா பக்குவமாயிட்டாளா?” என்பார்கள். புருஷன் அடித்தும் வாய் திறக்காமல் குடித்தனம் செய்த பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றியும் அதே அத்தைகள்தான், “நல்ல பக்குவமான பொண்ணு” என்று சொன்னார்கள்.

தமிழ் படித்து, தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற நான் இந்தச் சொல்லைப் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். சோறு தன்னைப் பக்குவம் என்று சொல்லிக்கொள்வதில்லை. உண்ணப் போகிறவர் சொல்கிறார். கஞ்சியின் பக்குவம் பாவுக்காக, பாவின் பக்குவம் தறிக்காக. ஒரு பெண் பக்குவப்பட்டுவிட்டாள் என்றால் எதற்கு, யாருக்கு என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் ஒரு சிறுமி தனக்காகவே முதிர்வது என்றால் என்ன? இந்தக் கேள்விக்கு எனக்கு உதவி வந்த திசை நான் எதிர்பாராதது. ஒரு ஜப்பானிய அனிமே.

சில ஆண்டுகளுக்கு முன்பு இரண்டாமாண்டு வகுப்பில் மணிமேகலை நடத்திக்கொண்டிருந்தேன். வஞ்சி நகரில் மணிமேகலை கண்ணகிக் கோட்டத்துக்குப் போகிறாள். தெய்வமாகிவிட்ட கண்ணகி அவளிடம் பேசுகிறாள். இந்த ஊரில் பல சமயத்தாரிடமும் அவரவர் மெய்ப்பொருளை நீ கேட்கப் போகிறாய். ஆனால் நீ வளையல் அணிந்த இளம்பெண் என்பதால் யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள், வேறு உருவம் எடுத்துக்கொள் என்கிறாள். மணிமேகலை ஒரு தவசியின் வடிவம் கொண்டு போகிறாள். எல்லோரும் தாராளமாகச் சொல்கிறார்கள். நான் இந்த இடத்தில் எப்போதும் கொஞ்சம் நிற்பேன். அறிவு அங்கே இருக்கிறது, கேட்கும் அறிவும் இவளிடம் இருக்கிறது, நடுவில் ஒரு வளையல் தடுக்கிறது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, “இது மடோகா மாதிரியே இருக்கு மேம்” என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மணியடித்த பிறகு கூப்பிட்டுக் கேட்டேன். பன்னிரண்டே பகுதிகள், ஒவ்வொன்றும் அரை மணிக்கும் குறைவு, பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாள். அன்றிரவு ‘சும்மா இரண்டு பகுதி’ என்று தொடங்கி, மூன்றாம் பகுதியின் முடிவில் செல்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

‘மடோகா மாகிகா’ 2011 ஜனவரியில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. ஷாஃப்ட் நிறுவனத் தயாரிப்பு, அகியுகி ஷின்போ இயக்கம், கதை ஜென் உரோபுச்சி. அந்த ஆண்டு மார்ச் 11 நிலநடுக்கத்தாலும் ஆழிப்பேரலையாலும் ஒளிபரப்பு நின்று, கடைசிப் பகுதிகள் ஏப்ரலில்தான் வந்தன. கதை முடிகிற இடத்தில் ஊரே புயலுக்குப் பயந்து ஒரு முகாமில் பாய் விரித்துப் படுத்திருக்கும். அந்த மக்கள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கானமே மடோகா 14 வயதுப் பள்ளிச் சிறுமி. அம்மா ஜுன்கோ வேலைக்குப் போகிறவள், அப்பா வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், ஒரு குட்டித் தம்பி. வெள்ளைப் பூனைபோல ஒரு சிறு உயிர், பெயர் கியூபே, அவளிடமும் தோழி சயாகாவிடமும் வருகிறது. உங்கள் ஆசை எதுவானாலும் ஒன்றை நிறைவேற்றுகிறேன். பதிலுக்கு நீங்கள் மந்திரச் சிறுமிகளாகி மாயச் சூனியக்காரிகளோடு போரிட வேண்டும். இதுதான் ஒப்பந்தம். மாமி என்ற மூத்த மாணவி ஏற்கெனவே அந்த வேலையில் இருக்கிறாள். (அந்தப் பெயர் வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் பகுதியில் அவள் சாகும்வரைதான்.) பின்னால் ஒவ்வொன்றாகத் தெரியவருகிறது. ஒப்பந்தம் செய்தவுடன் சிறுமியின் உயிர் உடலிலிருந்து பிரிக்கப்பட்டு ஒரு கல்லில் அடைக்கப்படுகிறது. மனம் நொந்துபோனால் அந்தக் கல் கறுக்கும். முழுதும் கறுத்தால் அவளே சூனியக்காரி ஆவாள். ஆகவே அவர்கள் இதுவரை கொன்றதெல்லாம் முந்தைய சிறுமிகளைத்தான்.

கியூபே ஏன் இதைச் செய்கிறது? பிரபஞ்சத்தின் ஆற்றல் தேய்ந்துகொண்டே வருகிறதாம். நம்பிக்கை அவநம்பிக்கையாக மாறும் அந்த நொடியில் பெரும் ஆற்றல் வெளிப்படுகிறதாம். அதிலும் வயதுக்கு வரும் பருவத்துச் சிறுமிகளின் மனக்கொந்தளிப்பே மிகுந்த பலன் தருகிறதாம். கோபமும் இல்லை, குரூரமும் இல்லை, கணக்கு மட்டும். எனக்கு என் அத்தைகளின் கேள்வி நினைவுக்கு வந்தது. பக்குவமாயிட்டாளா?

ஏன் முன்பே சொல்லவில்லை என்று சிறுமிகள் கேட்கும்போது கியூபேயின் பதில் எளிமையானது: நீங்கள் கேட்கவில்லையே. தொடர் முழுக்க அது ஒரு பொய்கூடச் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் நேராகப் பதில் சொல்கிறது. இதுதான் இந்தக் கதையை மற்றப் பேய்க் கதைகளிலிருந்து பிரிக்கிறது. பொய் சொல்லாதவன் ஏமாற்றியவன் ஆவானா? விவரம் தெரியாமல் சொன்ன ‘சரி’, சரிதானா?

என் மாணவி இதைத் தன் வீட்டுக் கதையாகப் பார்த்திருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவளுடைய அக்கா 16 வயதில் மேற்கு மாவட்டம் ஒன்றில் ஒரு நூற்பாலைக்குப் போனாள். மூன்று வருட ஒப்பந்தம். மில்லுக்குள்ளேயே விடுதி. மூன்று வருடம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. ஊரில் இதற்குச் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர். பெயர் வைத்தவர்களின் தெளிவைப் பாருங்கள். கூலி என்று சொல்லவில்லை, வைப்புநிதி என்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் ஆசை என்னவாக இருக்க வேண்டும் என்பதையே திட்டத்தின் பெயராக வைத்துவிட்டார்கள். கியூபேகூட, உன் ஆசை எது என்று கேட்டது.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் இந்த முறை பரவலாக இருந்ததைத் தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் பல ஆண்டுகள் பேசி வந்தன. மடோகா ஒளிபரப்பான அதே 2011-ல்தான் நெதர்லாந்தின் சோமோ அமைப்பும் இந்திய நெதர்லாந்துக் குழுவும் சேர்ந்து இதைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டன. 30,000, 50,000 என்று சொல்லப்பட்ட தொகை பரிசு அல்ல. மாதாமாதம் அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டிய கூலியிலிருந்து பிடித்து வைத்ததுதான். நடுவில் உடம்பு முடியாமல் வீடு திரும்பினால் தொகை கேள்விக்குறி. அந்த அக்கா இரண்டாம் வருடக் கடைசியில் இருமலோடு வந்தாள். நாள் கணக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். புரோக்கரிடம் போய்க் கேட்டபோது, விடுப்பு எடுத்தால் கணக்கு முறியும் என்று நீங்கள் யாரும் கேட்கவில்லையே என்றாராம்.

“அக்கா கேக்கல மேம். அம்மாவும் கேக்கல. கேக்கலாம்னே எங்க வீட்ல யாருக்கும் தெரியாது” என்றாள் என் மாணவி.

நானும் கேட்டதில்லை. 9 வயதில் அப்பாவின் தறியில் கோர்வைக்கு உட்கார்ந்தேன். காஞ்சிபுரம் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்துப் பிணைக்க மூன்று நாடா வேண்டும், நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். அந்த இன்னொரு கை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையின் கை. பள்ளிக்கு முன் ஒன்றரை மணி நேரம், வந்த பிறகு விளக்கு வைக்கும்வரை. அப்பா முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். அதைக் கூலியில் கழித்துக்கொண்டே இருந்தார்கள், அது குறையாமலே இருந்தது. முன்பணக் கடனுக்காக உழைப்பைக் கட்டிப்போடுவதைத் தடைசெய்யும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதியது. அதில் காஞ்சிபுரமும் இருந்தது. நூலகத்தில் அதைப் படித்த நாளில் நான் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தேன். அதிலுள்ள குழந்தைகளை ‘அவர்கள்’ என்றே படித்துக்கொண்டு போனேன். கொத்தடிமை என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்க அப்பா உயிரோடு இருந்தவரை எனக்கு மனம் வரவில்லை. அவர் என்னை அடித்ததில்லை. தறிக்குழிக்குள் அவர் கால், மேலே என் கை, பேசிக்கொண்டே நெய்வோம். அது அன்பு இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. அன்பாக இருந்ததாலேயே நான் எதையும் கேட்கவில்லை என்பதையும் மறைக்க முடியாது.

மடோகாவிடம் திரும்புகிறேன். தொடரின் தொடக்கத்தில் அவள் தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம் நம் வகுப்பறைப் பெண்கள் பலருடைய எண்ணம்: நான் எதற்கும் உதவாதவள், என்னிடம் தனியாக ஒரு திறமையும் இல்லை, யாருக்காவது பயன்பட்டால் போதும். மாமியிடம் இதைச் சொல்கிறாள். மந்திரச் சிறுமி ஆவதே என் ஆசை நிறைவேறியதுபோலத்தான், தனியாக வேறு ஆசை எதற்கு என்கிறாள். அதாவது பத்திரத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமலே கையெழுத்துப் போடத் தயார். பயன்பட வேண்டும் என்ற ஏக்கத்தை முதிர்ச்சி என்று நாம் சிறுமிகளிடம் மெச்சுகிறோம். சின்ன வயசுலயே எவ்வளவு பொறுப்பு பாருங்க என்கிறோம். இந்தத் தொடர் அந்த ஏக்கத்தைத்தான் மிக ஆபத்தான குழந்தைத்தனமாகக் காட்டுகிறது.

ஜப்பானியச் சொல் ஒன்றை கியூபே விளக்கும் இடம் தமிழ் ஆசிரியையான எனக்குத் தனி விருந்து. வளர்ந்துகொண்டிருக்கும் பெண்ணை இந்த நாட்டில் ‘ஷோஜோ’ என்கிறீர்கள். அப்படியானால் ‘மாஜோ’, அதாவது சூனியக்காரி, ஆகப்போகிறவளை ‘மஹோ ஷோஜோ’ என்பதுதானே சரி என்கிறது. பெயருக்குள்ளேயே முடிவு எழுதியிருக்கிறது. நம்மிடமும் இருக்கிறது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். முதல் பருவத்தின் பெயரே அறியாதவள் என்ற பொருளும் தருவது. 14 வயதில் மடந்தைப் பருவம் தொடங்குகிறது. மடம் என்பதைப் பெண்ணுக்குரிய குணமாக வைத்து, சொல்லிக்கொடுத்ததைப் பற்றிக்கொண்டு பிறகு விடாமல் இருப்பது என்று உரைகாரர்கள் விளக்கினார்கள். தானாகக் கேட்டறிவது அந்த விளக்கத்தில் இல்லை. (பட்டியல் 40 வயதோடு முடிந்துவிடுகிறது. நான் இப்போது பெயரில்லாத பருவத்தில் இருக்கிறேன். சௌகரியமாகத்தான் இருக்கிறது.)

மடோகா அந்தப் பற்றை விடுகிறாள். ஒரே நாளில் அல்ல. அவள் வளர்வது போர்க்களத்தில் இல்லை என்பதுதான் இந்தத் தொடரின் பெரிய துணிச்சல். கதைத் தலைவி பதினோரு பகுதிகள் எதுவுமே செய்யாமல் நிற்கிறாள் என்று சில மாணவிகள் சலித்துக்கொண்டார்கள். அவள் செய்வது பார்ப்பது. சயாகா தான் நேசிக்கும் வயலின் கலைஞனின் கை குணமாக வேண்டும் என்று ஆசையைக் கொடுத்துவிட்டு, அவன் வேறொரு பெண்ணோடு போவதைத் தாங்காமல் கறுத்துப் போகிறாள். கியோகோ என்ற சிறுமி, தன் அப்பாவின் போதனையை ஊரார் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தாள். உண்மை தெரிந்ததும் அந்த அப்பா குடும்பத்தையே அழித்துத் தானும் அழிந்தார். எல்லா ஆசையும் பிறருக்காக. நம் ஊர்க் கதையிலும் அப்படித்தான். பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படத்தில் நெசவாளி வேங்கடம் மகளின் கல்யாணச் சேலைக்காகப் பட்டு இழையை வாயில் அடக்கித் திருடி வருவான். அந்த மகளிடம் உனக்கு என்ன வேண்டும் என்று படத்தில் யாராவது கேட்டார்களா என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன்.

மடோகா நன்மை செய்யப்போய்த் தவறும் செய்கிறாள். தோழியைச் சண்டையிலிருந்து தடுக்க அவளுடைய கல்லைப் பிடுங்கிப் பாலத்திலிருந்து எறிகிறாள். அது உயிர் என்று தெரியாது. சயாகா அப்படியே செத்து விழுகிறாள், கல் திரும்பி வரும்வரை. நல்லெண்ணம் போதாது, தெரிந்திருக்கவும் வேண்டும் என்பதை அவள் படிக்கும் இடம் அது. அதே பகுதியில்தான் அவள் அம்மா ஜுன்கோ நடு இரவில் குடித்துக்கொண்டே பேசுகிறாள். நீ பொய் சொல்லாத, கெட்டது செய்யாத பிள்ளையாக வளர்ந்துவிட்டாய். இனி பெரியவளாவதற்கு முன் தவறு செய்யப் பழகிக்கொள், இளமையில் விழுந்தால் சீக்கிரம் ஆறும் என்கிறாள். மகளிடம் தவறு செய்யச் சொல்லும் அம்மா! நான் நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தேன். நம் பெண்களுக்கு விழ அனுமதி இல்லை. விழுந்தால் குடும்பமே விழுந்ததாகக் கணக்கு.

அதன் பிறகு மடோகா கேட்கத் தொடங்குகிறாள். கியூபேயிடமே கேட்கிறாள், முகத்துக்கு நேராக. நீங்கள் வந்ததிலிருந்து எத்தனை சிறுமிகள், அவர்கள் என்ன ஆனார்கள்? கியூபே காட்டுகிறது, வரலாறு முழுக்க ஆசைப்பட்டு எரிந்துபோன பெண்களை. நீங்கள் ஆடு மாடு வளர்ப்பதுபோலத்தான் என்று ஒப்பும் சொல்கிறது. பட்டுப் புழுவின் கூட்டைக் கொதிநீரில் போடுவதை ராமநகரத்தில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பூச்சி வெளியே வந்தால் இழை அறுந்துவிடும், ஆகவே அதற்கு முன்பே வேகவைக்க வேண்டும். அந்த இழை எங்கள் ஊருக்கு வரும். என் உடம்பில் இருக்கும் சேலையை நான் அன்று கழற்றி எறிந்துவிடவில்லை. ஆனால் கியூபேயை வேற்றுக்கிரகத்து அரக்கன் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட எனக்கு முடியாது.

பெண் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்வதோடு நிறுத்தினால் நாமும் அந்தப் புரோக்கரின் பக்கம் போய்விடுவோம். கேட்காதது அவள் குற்றம் ஆகிவிடும். விவரம் தெரிந்தவன், அதுவும் அந்த விவரத்தால் லாபம் அடைகிறவன், கேட்காமலே சொல்லக் கடன்பட்டவன். மறைத்து வாங்கிய சம்மதம் பறித்ததற்குச் சமம் என்பதே என் கருத்து. அவன் பொய் சொன்னானா இல்லையா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். ஆனால் அப்படிச் சொல்லும் உலகம் வரும்வரை ஒரு சிறுமி எதை நம்பி நிற்பது?

மடோகாவால் கேட்க முடிந்ததற்குக் காரணம் அவளுடைய தனிப்பட்ட புத்திசாலித்தனம் அல்ல. அவளுக்கு நேரம் கிடைத்தது. ஹோமுரா என்ற தோழி எதிர்காலத்திலிருந்து திரும்பத் திரும்ப அதே ஒரு மாதத்துக்கு வந்து, அவள் ஒப்பந்தம் செய்துவிடாதபடி தடுத்துக்கொண்டே இருந்தாள். முந்தைய ஒரு சுற்றில் சாகும் தறுவாயில் மடோகாவே அவளிடம் கேட்டுக்கொண்டது அது: ஏமாறப்போகும் அந்த முட்டாளான என்னைக் காப்பாற்று. ஒருத்தி முதிர்வதற்கு இன்னொருத்தி கடிகாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

எனக்கு அப்படி நிறுத்தியவள் அம்மா. 1995-ல் பத்தாவது முடித்தேன். மாப்பிள்ளை வந்தார்கள். அம்மா ஒருபோதும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்லும் அதிகாரம் அவளிடம் இல்லை. “இந்த வருஷம் போகட்டும்” என்றாள். அடுத்த வருடம் பாட்டி இறந்த வருடம், அதனால் போகட்டும். அடுத்தது பன்னிரண்டாம் வகுப்புப் பரிட்சை. அதற்கடுத்து ஜாதகத்தில் ஏதோ. ஐந்து முறை அதே வாக்கியம். ஐந்தாம் முறை நான் கல்லூரியில் இருந்தேன், வேண்டாம் என்ற சொல் என் வாயிலேயே வந்தது. அம்மா அப்போது அடுப்பங்கரையில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மடோகாவின் அம்மாவும் கடைசியில் ஒருமுறை தடுக்கிறாள். புயலுக்கு நடுவே முகாமை விட்டு மகள் வெளியே போக வேண்டும் என்கிறாள். அம்மா கன்னத்தில் அறைகிறாள். பிறகு நிதானமாக, யாராவது உன்னை ஏமாற்றிப் பேசவைக்கிறார்களா, இது நீயே எடுத்த முடிவா என்று கேட்கிறாள். நானேதான் என்று தெரிந்ததும் முதுகில் தட்டி அனுப்பிவிடுகிறாள். அம்மா மகளிடம் கேட்ட இந்தக் கேள்வியைத் தாலி கட்டும் முன் எத்தனை வீடுகளில் கேட்கிறோம்?

மடோகா போய்ச் சொல்லும் ஆசை: எல்லாக் காலத்திலும், எல்லா உலகிலும், சூனியக்காரிகளை அவர்கள் பிறப்பதற்கு முன்பே என் கையால் இல்லாமல் செய்ய வேண்டும். கியூபே முதன்முறையாகத் திகைக்கிறது. அவள் ஒப்பந்தத்தின் விதியையே ஆசையாகக் கேட்டுவிட்டாள். விலையாக அவள் மனுஷியாக இருப்பதை இழக்கிறாள். உலகின் ஒரு நியதியாகிவிடுகிறாள். யாருக்கும் அவளை நினைவில்லை, ஹோமுராவுக்கும், மணலில் அவள் முகம் வரையும் குட்டித் தம்பிக்கும் தவிர.

இங்கே நானும் என் மாணவியும் சண்டை போட்டோம். எனக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. முதிர்ந்த பெண்ணைத் தெய்வமாக்கி அனுப்பிவிடுவது நமக்கு மிகப் பழகிய தந்திரம். கண்ணகிக்குக் கோயில் கட்டினோம். ஏரிக்கரையில் விழுந்து செத்த பெண்களைக் கன்னியம்மனாக்கிப் பொங்கல் வைக்கிறோம். தெய்வமாகிவிட்டால் அவளுக்குக் கூலி தர வேண்டாம், சொத்தில் பங்கு வேண்டாம். மணிமேகலையும் கடைசியில் எங்கள் காஞ்சிக்குத்தான் வருகிறாள். பஞ்சத்தில் வாடிய ஊரில் அமுதசுரபியை வைத்து எல்லோருக்கும் சோறு போடுகிறாள். பிறகு அறவண அடிகளிடம் அறம் கேட்டு நோன்பு பூண்டு நூலை விட்டே போய்விடுகிறாள். அதற்குப் பின் அவள் என்ன சாப்பிட்டாள், எங்கே தூங்கினாள், சிரித்தாளா என்பதற்குப் பாட்டில் இடமில்லை.

“அவ செத்துட்டானு ஏன் மேம் பாக்கறீங்க? அக்ரிமெண்டையே மாத்திட்டா” என்றாள் மாணவி. மணிமேகலையைப் பற்றியும் என்னைத் திருத்தினாள். வஞ்சியில் வேடம் போட்டுக் கேட்டதையெல்லாம் காஞ்சியில் அடிகளிடம் சொல்லும்போது, அந்தச் சமயங்கள் எனக்குச் சரிப்படவில்லை, அந்த வேடத்தைப் போலவே அவற்றையும் மனத்தில் வைக்கவில்லை என்கிறாளே, அது முடிவெடுக்கிறவள் பேச்சு இல்லையா என்றாள். நான் நடத்திய பாடம்தான். நான் அந்த இடத்தை அப்படி வாசித்திருக்கவில்லை.

பாதி ஒப்புக்கொண்டேன். மீதிப் பாதி இன்னும் உறுத்துகிறது. மடோகா மாற்றிய உலகிலும் கியூபே இருக்கிறது. ஒப்பந்தம் இருக்கிறது. சிறுமிகள் இன்னும் ஆசைப்படுகிறார்கள், போரிடுகிறார்கள், இளமையிலேயே மறைகிறார்கள். சூனியக்காரியாக மாறும் கொடுமை மட்டும்தான் நீங்கியிருக்கிறது. சீர்திருத்தம்தான், விடுதலை இல்லை. 14 வயதுப் பெண்ணிடம் இதற்கு மேல் கேட்பது நியாயமில்லை என்றும் தோன்றுகிறது. கியூபேயை ஒழிக்கும் வேலை பெரியவர்களுடையது. அந்த ஊரில் பெரியவர்கள் யாருக்கும் கியூபே இருப்பதே தெரியாது.

2013-ல் வந்த திரைப்படத்தில் ஹோமுரா ஒரு காரியம் செய்கிறாள். மடோகாவை அந்தத் தெய்வநிலையிலிருந்து பிய்த்து எடுத்து மறுபடி சாதாரணப் பள்ளிச் சிறுமியாக்கி, அம்மா அப்பாவோடு சேர்த்துவிடுகிறாள். மடோகாவிடம் கேட்கவில்லை. அன்பினால்தான். கடிகாரத்தைப் பிடித்து நிறுத்தியவளே கதவைப் பூட்டியவள் ஆகிவிடுகிறாள். நான் விரும்பிய முடிவு அதுதான், மடோகா வீடு திரும்பும் முடிவு. அது வந்தபோது எனக்குக் கூசியது.

அந்தக் கூச்சம் போன மார்ச்சில் எனக்குத் தேவைப்பட்டது. அதே மாணவி இப்போது முதுகலை முடிக்கிறாள். ஒரு காகிதக் கட்டோடு என் அறைக்கு வந்தாள். நெடுஞ்சாலையோரத் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சி வேலை, விடுதியோடு. ஆறு பக்கம், ஆங்கிலத்தில். இரண்டு வருடம் முடியும் முன் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று நான்காம் பக்கத்தில் ஒரு வரி; எவ்வளவு என்று இல்லை. வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை, கடன். அக்காவுக்கு அந்த இருமல் முழுதும் போகவில்லை.

போடாதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேற்கொண்டு படி, நான் பணம் கட்டுகிறேன் என்றுகூட.

“பேனா இருக்கா?” என்று கேட்டேன்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். அவள் வாசித்தாள், புரியாத இடத்தில் நான் தமிழில் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் கேள்வி எழுதினாள். விடுப்பு எடுத்தால் நாள் கணக்கு முறியுமா? விடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வெளியே போக யார் கையெழுத்து வேண்டும்? மாதவிடாய் நாளில் நின்றுகொண்டே வேலையா? திருப்பித் தர வேண்டிய தொகை எவ்வளவு, எழுத்தில் தருவார்களா? மொத்தம் பதினேழு. அடுத்த நாள் அவளே தொலைபேசியில் கேட்டாள். ஒன்பதுக்குப் பதில் வந்தது. மற்றவற்றுக்கு, இதுவரை யாரும் இதையெல்லாம் கேட்டதில்லை என்றார்களாம்.

“நீங்க என்ன நினைக்கறீங்க மேம்?” என்றாள்.

“ஒரு வாரம் போகட்டும்” என்றேன்.

அவள் காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். “ஒரு வாரம் வேணாம் மேம். வெள்ளிக்கிழமை நானே சொல்றேன்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.